இலக்கமில்லாத் துப்பாக்கி

அமெரிக்காவிலுள்ள தம் மகன் பழைய வேட்டைத் துப்பாக்கியொன்றை விலைபேசியிருப்பதாகவும், அதிலே தொடரிலக்கம் காணப்படவில்லையென்றும் வாசகி ஒருவர் கவலையோடு எழுதியுள்ளார்.

அம்மையீர், இலக்கம் இல்லாமை மட்டும் குற்றமன்று. துப்பாக்கி ஒவ்வொன்றிலும் இலக்கம் பொறித்தல் வேண்டுமென அந்நாட்டுச் சமஷ்டிச் சட்டம் விதித்தது 1968ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் மலிவான வேட்டைத் துப்பாக்கிகள் பல இலக்கமின்றியே கடைக்கு வந்தன. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டதாயின், அச்சட்டம் அதனைத் துப்பாக்கியெனவே கணிப்பதில்லை, இது விந்தைதான்!

ஆனால், பிறப்பிலேயே இல்லாத இலக்கம் வேறு. அரத்தால் அராவி நீக்கிய இலக்கம் வேறு. நீக்கப்பட்டதென அறிந்தும் அதனை வைத்திருப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். அராவியவர் வேறொருவர் என்பது விடுதலை தராது. தேய்த்த சுவடு கண்ணெதிரே தெரியும்போது, "நான் அறியேன்" என்ற சொல்லை யூரிமார் நம்புதல் அரிது. இலக்கத்தை அடித்துப் பொறித்தபோது உலோகத்தின் உட்பகுதியும் நெரிந்திருக்கும். ஆதலால் அமிலந் தடவி மறைந்த இலக்கத்தை மீட்டெடுக்கவும் ஆய்வாளர் வல்லர்.

பணங் கொடுக்குமுன் அதனைச் செய்த கம்பெனியையும் காலத்தையும் தங்கள் மகன் விசாரித்தறிதல் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுமாதலின், அங்குள்ள நியாயவாதி ஒருவரையும் கேட்கட்டும். இலக்கத்துக்குரிய இடம் தேய்க்கப்பட்டிருப்பின், விலை எத்துணை மலிவாயினும் வாங்காது விடச் சொல்லுங்கள்.