தேவதைகளுக்குத் திட்டு எதற்கு?

ஆண்டுதோறும் மே 12 அன்று செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறார்கள். மேடையில் இருப்பவர்கள் 'வெள்ளுடைத் தேவதைகள்' என்று பேசுகிறார்கள். மறுநாள் வார்டில், படுக்கை விரிப்பு கொஞ்சம் சுருங்கியிருந்தது என்பதற்காக, அந்தத் தேவதைகளில் ஒருத்தி நோயாளிகள் எல்லோர் முன்பும் 'நீயெல்லாம் எதுக்கு நர்ஸிங் படிக்க வந்தே?' என்று திட்டு வாங்குகிறாள்.

செவிலியத்தின் சாரமே பரிவுதான் என்று ஜீன் வாட்சன் 1979இல் புத்தகம் எழுதினார். அவருடைய கோட்பாட்டை நம் மாணவிகள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். ஆனால் பரிவு மனப்பாடத்தில் வருவதில்லை. பரிவோடு நடத்தப்பட்டவருக்கே அது கைவரும்.

மாணவி ஏன் எதிர்த்துப் பேசுவதில்லை? வார்டுப் பயிற்சி நேரத்தை முழுமையாக முடித்தால்தான் பட்டம். செய்முறைப் பதிவேட்டில் மேடம் கையெழுத்துப் போட வேண்டும். அக மதிப்பெண்ணும் அவர் கையில். ஹாஸ்டலில் வார்டனும் அவருடைய தோழியாக இருப்பார். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. கல்விக்கடன் வாங்கிப் படிக்க வந்த பெண் வாயைத் திறப்பாளா?

உடனே ஒரு விளக்கம் வரும்: 'பெண்ணுக்குப் பெண்ணே எதிரி.' இது சோம்பேறித்தனமான பொய். அமெரிக்கச் செவிலியர் சூசன் ராபர்ட்ஸ் 1983இலேயே இதற்கு விடை சொல்லிவிட்டார். மேலே இருப்பவரிடம் காட்ட முடியாத கோபத்தை ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே காட்டிக்கொள்கிறார்கள். இது பெண்ணின் குணமல்ல, அதிகாரத்தின் விளைவு. டாக்டர் முன்னால் எழுந்து நின்றே பழகியவர், நிர்வாகத்திடம் சம்பள உயர்வு கேட்க முடியாதவர், தனக்குக் கீழே இருக்கும் ஒரே ஆளான மாணவியைப் பிடிக்கிறார். தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு மாதம் 20 ஆயிரமாவது கொடுங்கள் என்று சொல்வதற்கே, 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு ஒரு குழு அமைக்க வேண்டியிருந்தது.

காரணம் புரிகிறது என்பதற்காகச் செயல் நியாயமாகிவிடாது. 'நாங்களும் இப்படித்தான் படித்தோம்' என்பது மாமியார்கள் சொல்லும் அதே வாதம். அதை வீட்டில் ஏற்க மறுக்கும் நாம் கல்லூரியில் ஏன் ஏற்க வேண்டும்?

சட்டமும் கைகொடுப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் ராகிங்கை மாணவர்கள் செய்யும் செயலாக மட்டுமே வரையறுக்கின்றன. சீனியர் அவமானப்படுத்தினால் குற்றம். ஆசிரியர் அதையே செய்தால் 'டிசிப்ளின்'.

இதன் விலையை நோயாளியும் கொடுக்கிறார். மருந்தின் அளவு தவறினால் உடனே சொல்ல வேண்டும் என்பது செவிலியத்தின் அடிப்படைப் பாடம். சொன்னால் அவமானம் நிச்சயம் என்று கற்ற பெண் மறைக்கத்தான் செய்வாள். பயந்த நர்ஸ் ஆபத்தான நர்ஸ்.

ஆகவே நாம் கேட்பது அன்பான வார்த்தைகளை அல்ல. ஆசிரியர்மீது தரும் புகாரை, அந்தக் கல்லூரி நிர்வாகத்துக்கு வெளியே இருப்பவர்கள் விசாரிக்க வேண்டும். திட்டிய அதே ஆசிரியர் அக மதிப்பெண் போடக் கூடாது. தண்டனையாக டியூட்டி போடுவதை நிறுத்த வேண்டும். ஆசிரியர்களுக்கு நியாயமான சம்பளமும் சங்கமும் வேண்டும்.

தோழிகளே, தேவதைகளுக்கு உரிமை தேவைப்படாது. அதனால்தான் நம்மைத் தேவதை என்கிறார்கள். நாம் தொழிலாளிகள், மாணவிகள். அந்தப் பெயராலேயே நம்மை அழைக்கச் சொல்வோம்.