தகப்பனும்தான் வளர்க்கிறார்

ஐயா,

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களைப் பற்றிய தங்கள் கட்டுரையை முழுமனதோடு ஏற்கிறேன்.

மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியபோது, பெண்களின் ஊதியமில்லாத வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்றது அரசு. கைம்பெண்கள், மணமாகாத பெண்கள், திருநங்கைகள் தலைமையிலான குடும்பங்களையும் சேர்த்தது நல்ல காரியம்.

எங்கள் தெருவில் மனைவியை இழந்த ஒருவர், விடியுமுன் சோறாக்கி, மகளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் கேரட் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார். அதுவும் ஊதியமில்லாத வீட்டு உழைப்புதானே? உதவி கேட்டுப் போன இடத்தில் அவருக்குக் கிடைத்த பதில்: "ஆம்பளைக்கு என்னய்யா, இன்னொரு கல்யாணம் பண்ணிக்க வேண்டியதுதானே?" அதே தெருவில், கணவர் கைவிட்டுப் போன பெண் புதுச் சேலை கட்டினால், "பென்ஷன் பணம் பேசுது" என்று முணுமுணுக்கிறார்கள். வாங்குகிற பெண்ணுக்கு ஏச்சு. கேட்கிற ஆணுக்கு ஏளனம்.

மத்திய அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மட்டும் தந்துவந்த குழந்தைப் பராமரிப்பு விடுப்பை, 2018-இல் துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் விரிவாக்கியது. தோட்டக் கூலிக்கு விடுப்பு ஏது? எனவே, மகளிர் தொகையில் ஒரு ரூபாயும் குறைக்காமல், தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஏழைத் தகப்பன்களுக்கென மாநில அரசு தனி உதவித்தொகை ஒன்றை அறிவிக்க வேண்டும். கிராம சபைகளும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செண்பகனூர்.