விசுவாசத்தை நீக்கிய வாசிப்புகள்

பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வாசிக்கப்படுகிறது. பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. அதைப் பற்றிய ஆய்வேடுகளுக்கும் குறைவில்லை. தலித் தன்வரலாறு, பேச்சு வழக்கின் வீச்சு, சாதியின் அன்றாட வன்முறை எனப் பல கோணங்களில் நாம் அதைப் பேசியிருக்கிறோம். ஆனால் அந்நூல், கிறித்தவப் பெண் ஒருத்தி கடவுளை முன்னிறுத்தித் தன் திருச்சபையோடு நடத்தும் வழக்கும் ஆகும். இந்த வழக்கை நம் திறனாய்வு வெறும் பின்னணித் தகவலாகக் குறித்துக்கொண்டு கடந்து சென்றுவிட்டது என்பதே நம் குறை.

பாமா ஏழைப் பிள்ளைகளுக்குப் பணிசெய்யும் விருப்பத்தோடு கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே வசதி படைத்த வீட்டுக் குழந்தைகளுக்கான பள்ளியையும், சுவருக்குள்ளேயும் உயிரோடிருந்த சாதியையும் கண்டு, ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறினார். இந்த வெளியேற்றத்தை நம்மவர்கள் மத மறுப்பாகக் கொண்டாடுவது வழக்கம். நூலைக் கவனமாகப் படிப்பவருக்கு அவ்வாறு தோன்றாது. கீழ்ப்படிதல், பொறுமை, தாழ்மை ஆகியவற்றை ஓயாமல் போதித்தவர்கள், ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்ற இயேசுவைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்பதே அவர் எழுப்பும் குற்றச்சாட்டு. மடத்தை அளக்க அவர் கையில் எடுக்கும் கோல் இயேசுவே. அவர்மீது பற்றில்லாத ஒருவருக்கு இந்தக் கோபம் இவ்வளவு கூர்மையாக வராது.

தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். பனைமட்டையின் இருபுறமும் உள்ள அறுக்கும் விளிம்பு கருக்கு. பழைய தமிழ் வேதாகமத்தில், எபிரெயருக்கு எழுதிய நிருபம் இறைவார்த்தையோடு ஒப்பிடும் இருமுனைப் பட்டயத்துக்கும் இதே சொல்தான் ஆளப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் இந்த விவிலியத் தொடர்பைத் தம் முன்னுரையில் கூறுகிறார். நாம் பார்த்த தமிழ் ஆய்வேடுகள் பலவற்றில் விளக்கம் பனைமரத்தோடு நின்றுவிடுகிறது. சங்கப் பாடலில் ஒரு கருப்பொருளைக் கண்டால் பத்துப் பக்கம் உரை எழுதும் நம் துறைக்கு விவிலியச் சொல்லொன்று கண்ணில் படாமல் போவது வியப்பாகவே இருக்கிறது.

இந்த வழக்குக்கு ஒரு மரபு உண்டு. பாமாவுக்கு நூறாண்டுகளுக்கு முன், மராட்டியக் குடும்பங்களில் பிறந்த இரு பெண்கள் இதே இடத்தில் நின்றார்கள். ஒருவர் பண்டிதை ரமாபாய் (1858-1922). வடமொழிப் புலமையால் கல்கத்தா அறிஞர்களிடம் பண்டிதைப் பட்டம் பெற்றவர். கணவரை இழந்தபின் இங்கிலாந்து சென்று 1883இல் திருமுழுக்குப் பெற்றார். நாட்டில் பலருக்கு அவர் துரோகியானார். ஆங்கிலத் திருச்சபையினருக்கோ காட்சிக்கு வைக்கத்தக்க வெற்றிச் சின்னமாகத் தெரிந்தார். அவர் இரண்டுமாக இருக்க மறுத்தார் என்பதற்கு அவருடைய கடிதங்களே சான்று. தமக்கு ஞானத்தாயாக இருந்த துறவி ஜெரால்டினோடு அவர் திரித்துவக் கோட்பாடு பற்றி வாதிட்டார். சிலுவையில் பொறிக்க இலத்தீன் எதற்கு, வடமொழி ஆகாதா என்று கேட்டார். ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தைக் கழற்றி எறிந்த கழுத்தில் இன்னொன்றை ஏற்ற முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். மனசாட்சியே தமக்கு மேலதிகாரி என்று ஒரு பெண், அதிலும் புதிதாக மதம் மாறிய, குடியேற்ற நாட்டுப் பெண், 1880களில் சொல்வது எளிய காரியமா?

பின்னாளில் கேட்காவ் என்னும் ஊரில் முக்தி இல்லத்தை நிறுவிய ரமாபாய், எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். படிப்பறிவு குறைந்த பெண்ணுக்கும் புரியும் மராத்தி வேண்டும் என்பது அவர் நோக்கம். அச்சுக்கோத்தவர்கள் அந்த இல்லத்துப் பெண்கள். மொழிபெயர்ப்பு முழுமையாக வெளிவந்த ஆண்டு 1924; அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இளம்விதவைகளுக்கு அடைக்கலம் தந்த சீர்திருத்தவாதியாக ரமாபாயைப் பெண்ணியம் போற்றுகிறது. மூலமொழி கற்று வேதத்தைத் தானே பெயர்த்த இறையியலாளர் ரமாபாயை அது தேவைப்படாதவராகக் கருதுகிறது.

மற்றவர் கிருபாபாய் சத்தியநாதன். 1862இல் அகமத்நகரில், கிறித்தவத்தைத் தழுவிய பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்து, உடல்நலக் குறைவால் படிப்பை விட்டு, இங்கேயே மணமுடித்து, 1894இல் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். அவருடைய தன்வரலாற்று நாவல் 'சகுணா' சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. தன் சமூகத்துப் பெண்களின் அடைபட்ட வாழ்வுக்காக வருந்துகிற சகுணா, வெள்ளை மிஷனரிப் பெண்களின் மேட்டிமையையும் விட்டுவைப்பதில்லை. அவள் நம்பிக்கை இரு பக்கமும் அறுக்கிறது. அவர் கணவர் பின்னர் மணந்த கமலா சத்தியநாதன் 1901இல் சென்னையில் 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழைத் தொடங்கினார். ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் முதலில் அச்சேறியது ஒரு கிறித்தவப் பெண் நடத்திய இந்த இதழில்தான். ஓர் இஸ்லாமியப் பெண்ணின் கனவுக்கு அங்கே இடம் இருந்தது.

திருச்சபை தன் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பியது. சொத்தென்று வந்தபோது கதை வேறு. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறித்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனின் பங்கில் கால்பகுதி அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1986இல் இதை முறியடித்தார். அவரை எதிர்த்தவர்களில் திருச்சபையினரே முன்னின்றார்கள். 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டமோ, மனைவியின் பிறழ்வை மட்டும் காட்டிக் கணவன் விடுதலை பெறலாம் என்றது. மனைவி கேட்டால் கணவனின் பிறழ்வோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும் என்றது. இது திருத்தப்பட 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1994இல் வெளிவந்த பாமாவின் 'சங்கதி'யில், அடிக்கும் கணவனை விட்டு விலக வழியில்லாமல் கிறித்தவ தலித் பெண்கள் படும் பாட்டை இந்தச் சட்டத்தை அறிந்து வாசித்தால் அதன் கனம் கூடும். தென்னிந்தியத் திருச்சபை 2013இல் புஷ்பலலிதாவை நந்தியால் பேராயராக்கியது. அதன் முதல் பெண் பேராயர் அவர். கத்தோலிக்கத்தில் பெண்ணுக்குக் குருத்துவமே இல்லை.

இவற்றையெல்லாம் கிறித்தவப் பெண்கள் அறியாமலா இருக்கிறார்கள்? நன்கு அறிவார்கள். வெளியே சொல்லத்தான் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவராதே என்கிறது திருச்சபை. வீதியிலோ, சிறுபான்மையினர்மீது எறியக் கல் கிடைக்குமா என்று காத்திருப்பவர்கள் நிற்கிறார்கள். ஒரு கன்னியரின் முறையீடு மறுநாளே அவர்கள் மேடையில் முழங்குகிறது. மூன்றாவதாக நாம் இருக்கிறோம், முற்போக்கு இலக்கிய வட்டத்தார். சிலுவையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வா, உன் கலகத்தை வரவேற்கிறோம் என்பது நம் பாணி. இந்த மூன்றில் நம்முடையதுதான் மென்மையானது; அதனாலேயே யாரும் அதைக் குறையென்று எண்ணுவதில்லை. ஆண்டாளின் பக்தியை அவருடைய பெண்மொழியிலிருந்து பிரிக்க முடியாதென்று கட்டுரை எழுதும் நாம், கிறித்தவப் பெண்ணிடம் மட்டும் ஏன் அந்தப் பிரிவினையைக் கேட்கிறோம்?

இதன் இழப்பு இலக்கியத்துக்கே. பாளையங்கோட்டைப் பக்கத்திலோ மார்த்தாண்டத்திலோ ஒரு வீட்டில் நடக்கும் பெண்களின் உபவாச ஜெபத்தில் அமர்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள். பீடி சுற்றுகிற, முந்திரி உடைக்கிற பெண் ஒருத்தி எழுந்து, எழுதிவைத்த தாள் ஏதுமின்றி அரைமணி நேரம் கடவுளிடம் பேசுவாள். சங்கீதங்களின் அடுக்குமொழியும் ஊர்ப்பேச்சும் ஒன்றோடொன்று பின்னிவரும். 'கர்த்தாவே' என்று பணிந்து தொடங்கியவள், நடுவில் 'நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்' என்று நேருக்கு நேர் கேட்டுவிடுவாள். குடிகாரக் கணவனும் வட்டிக்காரனும் மகளின் வரதட்சணையும் அந்த ஜெபத்துக்குள் வந்து போவார்கள். தாலாட்டையும் ஒப்பாரியையும் ஊர் ஊராகச் சென்று தொகுத்த நம் நாட்டார் வழக்காற்றியல், இந்த வாய்மொழியைச் சமயப் பிரசாரம் என்று கருதி விலகிப் போகிறது. ஆய்வாளர் கோவில் கொடையில் ஒலிப்பதிவுக் கருவியை வைப்பார். பக்கத்துத் தெரு ஜெபவீட்டில் வைக்கமாட்டார்.

தொகுப்பதில் சிக்கல் இருக்கிறது. ஒப்பாரிபோல இது ஊரறியப் பாடுவதன்று. அந்தப் பெண் அங்கே பேசுவது கடவுளிடம். அதைப் பதிவுசெய்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சிட அவள் இசைய வேண்டும். பலர் இசையமாட்டார்கள், அது அவர்கள் உரிமை. பதிவுக்கருவி இல்லாமலும் போகலாம். ஜெபம் முடிந்து, உபவாசம் முடிக்கும் கஞ்சியை ஊற்றிக் கொடுக்கும்வரை அந்தத் தரையில் உட்கார்ந்திருக்க நமக்குப் பொறுமை வேண்டும்.