காலும் படியும்

கொடைக்கானல் போய் வந்த நேயர்கள் ஏரியைப் பற்றிப் பேசுவார்கள்; நாம் படிகளைப் பற்றிப் பேசப் போகிறோம். சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள அவ்வூரில் மேடுபள்ளமில்லாத தெரு அபூர்வம். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு அங்கே ஒவ்வொரு சரிவும் ஒரு பரீட்சை.

1861-ல் லண்டன் டாக்டர் வில்லியம் லிட்டில் விளக்கிய இந்நிலை கால் நோயன்று. வளரும் மூளைக்கு நேர்ந்த சேதத்தின் விளைவு. பல குழந்தைகளுக்குத் தசை இறுகி, குதிகால் தரையில் படுவதில்லை. கால்தாங்கி மூளையைக் குணப்படுத்தாது. பாதத்தை ஊன்ற வைக்கும். அதுவே பெரிய உபகாரம்.

ஆனால், கணுக்காலை அசையவிடாத தாங்கி, சமதரையில் உதவினாலும், சரிவிலும் படியிலும் உபத்திரவமாகலாம். கீல் வைத்த தாங்கி அங்கே வளைந்து கொடுக்கும். எனினும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது ஏற்றதன்று. ஆகையால், வைத்தியசாலையின் வழவழப்பான தரையில் நடந்து காட்டினால் போதாது. வீட்டுக்கு எத்தனை படி, குழந்தை சம்மணமிட்டுச் சாப்பிடுகிறதா, பள்ளிக்குப் பாதை எப்படி என்பதையெல்லாம் பெற்றோர் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

உபாத்தியாயர்களாகிய நாமோ, குழந்தையைத் தூக்கி வந்து வகுப்பில் உட்கார்த்திவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாய் நினைக்கிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பள்ளிக் கட்டடமே குழந்தைக்கு இணங்க வேண்டும் என்கிறது. சுவரில் ஒரு கைப்பிடி பதித்தால், சில குழந்தைகள் தாமே ஏறி வரக்கூடும். தூக்கி வரப்பட்ட குழந்தையின் முகமும், தானே ஏறி வந்த குழந்தையின் முகமும் ஒன்றல்ல. இரண்டையும் நாம் பார்த்திருக்கிறோம்.