"நிலைதடுமாறி" விழுந்தாரா? தள்ளி விட்டது யார்?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். விடியற்காலை 4 மணிக்கே சென்னையில் மோட்டார் சைக்கிள் சத்தம் காதைப் பிளக்கிறது! பத்து வண்டி, பதினைந்து வண்டி என்று கூட்டமாகக் கிளம்புகிறார்கள் வாலிபர்கள். ஏலகிரி, ஜவ்வாது மலை, கொல்லிமலை என்று பறக்கிறார்கள்.

பறக்கட்டும். வாரம் பூராவும் உழைக்கிற பையன்கள். ஒரு நாள் ஊர் சுற்றினால் குடியா முழுகிவிடும்? அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை.

ஆனால் போனவர்கள் எல்லோரும் முழுசாக வீடு திரும்ப வேண்டாமா?

தார் ரோடு இருக்கிற வரை எல்லாம் ஜோர்தான். வம்பு ஆரம்பிப்பது ஜல்லி ரோட்டில்! புது ரோடு போடுவதற்காகச் சுரண்டிப் போட்ட இடம். மழைத் தண்ணீர் கல்லையும் மண்ணையும் அடித்துக் கொண்டுவந்து கொட்டிய மலை வளைவு. தார் முடிந்து கப்பி ஆரம்பிக்கிற கிராமத்துப் பாதை. இங்கெல்லாம்தான் ஆள் விழுகிறான்.

மறுநாள் செய்தி என்ன? "நிலைதடுமாறி விழுந்து வாலிபர் பலி." போலீஸ் ஸ்டேஷனில், "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று ஒரு வரி. அத்தோடு கதை முடிந்தது. செத்தவன் மேலேயே பழி!

நாம் கேட்கிறோம்: அவன் தானாகவா தடுமாறினான்?

கூட்டாளிகள் பதில் சொல்லட்டும்

ஜல்லி மேல் டயருக்குப் பிடிமானம் கிடையாது. பதறிப்போய் முன் பிரேக்கை இறுக்கினால் முன் சக்கரம் வழுக்கும். ஆள் கீழே!

"என் வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கு" என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம்தான். சக்கரம் இறுகிப் போகாமல் அது காப்பாற்றும். ஆனால் ஜல்லியில் வண்டி நிற்க அதற்கும் கூடுதல் தூரம் வேண்டும்.

அந்தத் தூரம் கூட்டத்தில் எங்கே இருக்கிறது? முன்னால் போகிறவனின் பின் டயரை ஒட்டிக்கொண்டே போகிறார்கள். அவன் கிளப்பும் புழுதியில் கண் தெரியாது. அவன் விழுந்தால், பின்னால் வருகிறவன் அவன் மேலேயே ஏற்றிவிடுகிறான். கூட்டாளி கையாலேயே சாவு!

இன்னொரு சங்கதி. கூட்டத்தில் நாலு பேர் கை தேர்ந்தவர்கள். இரண்டு பேர் புதுசு. புதுசாக வந்தவன் பின்தங்கினால், "என்னடா, மாட்டு வண்டியா ஓட்டுறே?" என்று கிண்டல். மானத்துக்குப் பயந்து அவனும் முறுக்குகிறான். உயிர் போகிறது. கிண்டல் செய்தவன் பெயர் எந்தக் கேஸிலும் வருவதில்லை.

கடைசி ஆளின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். கிளம்பும் முன்பே இதைப் பேசி முடிவு செய்யுங்கள். விவரம் தெரிந்த ஒருவர் முன்னால் போகட்டும், இன்னொருவர் கடைசியில் வரட்டும். ஜல்லி வந்தால் முன் வண்டியின் புழுதி அடங்குகிற அளவு இடைவெளி விடணும். பின் சீட்டில் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேணும்.

யாராவது விழுந்துவிட்டால்? இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து பைக்கில் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்! முதுகெலும்பில் அடி பட்டிருந்தால் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் எழுந்திருக்க முடியாது. 108-ஐக் கூப்பிடுங்கள். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவு ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது. பணத்துக்குப் பயப்பட வேண்டாம்.

காண்டிராக்டர் எங்கே?

வாலிபர்களுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு நாம் போகத் தயாரில்லை. ஜல்லியைக் கொட்டியது யார்?

ரோடு வேலை நடக்கிற இடத்தில் எச்சரிக்கைப் பலகை வேண்டும், தடுப்பு வேண்டும், இரவில் வெளிச்சம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதி வகுத்திருக்கிறது. நடப்பது என்ன? வளைவு திரும்பினால் கால் ரோடு ஜல்லி! பலகையும் கிடையாது, பந்தமும் கிடையாது. இருட்டில் வருகிறவன் என்ன செய்வான்?

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது! 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ரோட்டை விதிப்படி அமைக்காமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிரோ கை காலோ போனால், பொறுப்பான அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். புஸ்தகத்தில் இருந்தால் போதுமா? விபத்து நடந்த இடத்தில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

2022-ல் மட்டும் நாடு முழுவதும் ரோடு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். இத்தனை பேரும் தானாகத் தடுமாறியவர்கள்தானா?

இனி ஜல்லியில் ஒரு பையன் விழுந்தால், ஸ்பாட்டுக்குப் போகிற போலீஸ் அதிகாரி மூன்று கேள்வி கேட்கட்டும். இங்கே பலகை இருந்ததா? இந்த ஜல்லி எத்தனை நாளாகக் கிடக்கிறது? வேலை எடுத்த காண்டிராக்டர் யார்? மூன்றுக்கும் பதிலை எழுதிக்கொண்டு, அப்புறம் செத்தவன் வேகத்தைப் பற்றி எழுதட்டும்.

சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்க்கு, "நிலைதடுமாறி" என்கிற ஒரு வார்த்தை பதிலாகாது!