மூக்கைத் தூக்கிய பிக்கப்பும் ஒகேனக்கல் இறக்கமும்

வண்டிக்கு முன்னால் ரெண்டு இஞ்ச் தூக்கி, கொழுத்த டயர் நாலு மாட்டினால் அது 'மாஸ்' என்று யாரோ கிளப்பி விட்டுவிட்டார்கள். பென்னாகரம், பாலக்கோடு, தர்மபுரி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒன்றிரண்டு கண்ணில் படும். தார், பொலிரோ என்று ஆரம்பித்தது, இப்போது தக்காளி ஏற்றும் பிக்கப் வரைக்கும் வந்துவிட்டது. கேட்டால் "லெவலிங் பண்ணிருக்கோம்ணா" என்று ஒரு பதில். அதாவது, ஏதோ கோணலாக இருந்ததைச் சரி செய்துவிட்டார்களாம்!

கோணலாக இருந்தது உண்மைதான். ஆனால் அது தெரியாமல் வந்த கோணல் இல்லை. அங்கேதான் இந்த மொத்த ஃபேஷனும் தடுக்கி விழுகிறது.

பாரம் ஏற்றாத பிக்கப் ஒன்றைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக, மூக்கு கொஞ்சம் தாழ்வாக இருக்கும். கம்பெனிக்காரனுக்கு டேப் வைத்து அளக்கத் தெரியாமல் இல்லை. பின்னால் இருப்பது கமான் பட்டை. அதன் மேல் ஒரு டன்னுக்கு மேல் ஏறப் போகிறது. ஏறியதும் பட்டை அமுங்கும், பின்பக்கம் இறங்கும், வண்டி மட்டமாகும். ஆக, வண்டியை ஏற்கனவே லெவல் செய்துதான் அனுப்பியிருக்கிறார்கள். பாரத்தோடு ஓடும்போது லெவல். காலியாக டீக்கடை முன்னால் நிற்கும்போது லெவலாகத் தெரிய வேண்டும் என்பது வேறு ஆசை.

இந்த ஆசை அமெரிக்காவில் இருந்து வந்தது. அங்கே ஃபோர்டு எஃப்-150 மாதிரி வண்டி வாங்குகிறவர்களில் நிறைய பேர் பின்னால் ஒரு மூட்டை கூட ஏற்ற மாட்டார்கள். ஆபீசுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போவார்கள். அதனால் முன் காயில் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு ஸ்பேசரைச் சொருகி, மூக்கைப் பின்பக்கத்துக்குச் சமமாகத் தூக்கி, கிடைத்த இடத்தில் பெரிய டயரை நுழைத்தார்கள். விலை குறைவு, ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். அதையே இங்கே பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போகிற வண்டியில் செய்தால் என்ன ஆகும்? காலியாக இருக்கும்போது மட்டம். முப்பது நாற்பது கூடை ஏற்றியதும் பின்பக்கம் இறங்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். பின்னங்கால் மடக்கி உட்கார்ந்த நாய் மாதிரி ஒரு கோலம்.

இந்தக் கோலத்தையே அழகு என்று அமெரிக்காவில் ஒரு கூட்டம் வேண்டுமென்றே செய்து ஓட்டியது. 'கரோலினா ஸ்குவாட்' என்று பெயர். முன் மட்கார்டு பின்னதை விட 4 இஞ்ச் அல்லது அதற்கு மேல் உயரமாக இருக்கும்படி மாற்றினால் குற்றம் என்று, 2021 டிசம்பர் 1 முதல் நார்த் கரோலினா மாநிலத்தில் சட்டமே வந்துவிட்டது. பெயர் கொடுத்த ஊரே தூக்கிப் போட்டதை இங்கே பாரம் ஏற்றி இலவசமாக வாங்கிக் கொள்கிறார்கள் :)

சரி, டயருக்கு வரலாம். கணக்கு ரொம்ப எளிது. பத்தாம் கிளாஸ் போதும்.

பொலிரோவில் வருகிற டயர் 215/75 ஆர் 15. குறுக்களவு சுமார் 703 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 31 இஞ்ச் டயர் போட்டால் சுமார் 787 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 12 சதவீதம் பெரிது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 12 சதவீதம் அதிகமாக நகரும். மீட்டருக்கு இது தெரியாது. அது சுற்றைத்தான் எண்ணும். மீட்டரில் 60 என்று காட்டும்போது வண்டி ஓடுவது 67-ல். "நான் அறுபதுலதான் வந்தேன் சார்" என்று பிறகு சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, பாவம். அவருடைய மீட்டர் பொய் சொல்லியிருக்கிறது.

பிரேக் கதை இதைவிட மோசம். பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் பழைய அளவிலேயே இருக்கின்றன. டயர் மட்டும் பெரிதாகிவிட்டது. பிரேக் அதே முறுக்கு விசையைக் கொடுத்தாலும், தரையில் டயர் வண்டியைப் பிடித்து நிறுத்தும் விசை ஆரம் கூடின அளவுக்குக் குறையும். பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. சமதளத்தில் காலால் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சமாளிக்கலாம். இறக்கத்தில்?

பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல்லுக்குக் காட்டு வழியாக இறங்குகிற ரோடு தெரியும்தானே. அங்கே அனுபவம் உள்ள டிரைவர் பிரேக்கை நம்பி இறங்க மாட்டார். செகண்ட் கியரில் போட்டு, இஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும்படி இறங்குவார். பெரிய டயர் அந்தப் பிடியையும் அதே பத்து சதவீதத்துக்கு மேல் பறித்துவிடுகிறது. கம்பெனி கொடுத்த கியர் விகிதத்தை டயர் கடைக்காரர் மாற்றிவிட்டார் என்று அர்த்தம். இஞ்சின் பிடிக்காத மிச்சத்தைப் பிரேக் பிடிக்க வேண்டும். பிரேக் சூடாகும். சூடான பிரேக் ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்காது. இறக்கத்தில் கனமான வண்டி கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் தொப்பூர் கணவாயில் கட்டுப்பாடு இழந்த லாரி பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை நசுக்கியதில் நாலு பேர் செத்தார்கள். அந்த லாரியில் பெரிய டயர் இல்லை, லெவலிங் இல்லை. எந்த விளையாட்டும் விளையாடாத வண்டிக்கே இறக்கம் அப்படி. அதில் பத்து சதவீதத்தைத் தானாகக் கழித்துக் கொண்டு இறங்குகிறவரை என்ன சொல்வது?

இதுவரை சொன்னதெல்லாம் ஓட்டுகிறவர் பாடு. 'என் வண்டி, என் காசு, என் உயிர்' என்று அவர் சொல்லலாம். அடுத்தது அவருடைய உயிர் இல்லை.

ஹெட்லைட்டின் டிம் வெளிச்சம் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்குகிற மாதிரி வைக்கப்படுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள் (பொதுவாக அந்த அளவுதான்). விளக்கு தரையில் இருந்து 90 சென்டிமீட்டரில் இருந்தால், 50 மீட்டர் தள்ளி அந்த வெளிச்சத்தின் மேல்விளிம்பு 40 சென்டிமீட்டர் உயரத்தில் விழும். எதிரே வருகிறவரின் முழங்காலுக்குக் கீழே. இப்போது மூக்கை மட்டும் 5 சென்டிமீட்டர், அதாவது அந்த ரெண்டு இஞ்ச், தூக்குங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் மூணு மீட்டர் என்றால், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கின வெளிச்சம் இப்போது மீட்டருக்கு முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். 50 மீட்டரில் கிட்டத்தட்ட 130 சென்டிமீட்டர் உயரம். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் பால் கேனோடு வருகிறவரின் முகம் இருக்கிற இடம் அதுதான். இது காலி வண்டிக்கான கணக்கு. பின்னால் பாரம் ஏறினால் இன்னும் மேலே போகும். வளைவில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அவருக்கு இரண்டு விநாடி கண் தெரியாது. அவர் எதையும் லெவலிங் செய்யவில்லை, யாரிடமும் மாஸ் காட்டவில்லை.

விளக்கின் பின்னால் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, திருகி இறக்கலாம். பல வண்டிகளில் டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு குமிழே உண்டு, பாரத்துக்குத் தகுந்த மாதிரி வெளிச்சத்தை இறக்க. ஸ்பேசர் போட்ட கையோடு விளக்கையும் இறக்கிக் கொடுக்கிற பட்டறை இருந்தால் அதற்கு ஒரு கும்பிடு. பெரும்பாலும் நடப்பது வேறு. அதே நாளில் கூடுதலாக ஒரு எல்.இ.டி. பட்டையும் மேலே ஏறுகிறது.

"மலை ஊருப்பா, கல்லும் குழியும். வண்டி உயரமா இருந்தாத்தான் அடிபடாது" என்பது இவர்கள் தரப்பில் சொல்லப்படும் ஒரே நல்ல வாதம். அதற்கு மரியாதையாகவே பதில் சொல்லலாம். ஜீப்பும் பிக்கப்பும் கல்லில் இடிப்பது பெரும்பாலும் பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கிற அந்த உருண்டையில், டிஃபரன்ஷியலில். முன் ஸ்பிரிங்கில் ஸ்பேசர் வைத்தால் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர் கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். அதுவும் டயர் கூடின அளவில் பாதி: மேலே போட்ட கணக்கில் 42 மில்லிமீட்டர், மூணு விரல்கடை கூட இல்லை. அதற்கு விலையாக மீட்டர், பிரேக், இஞ்சின் பிடி எல்லாம் போகிறது. ஸ்பேசர் போட்டதால் முன் கைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து, பால் ஜாயிண்ட் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே கிடக்கிறது. குழியில் சக்கரம் இறங்க மிச்சம் இடம் இல்லாமல் 'டக்' என்று இடிக்கிறது. கல்லும் குழியுமான ரோட்டுக்குத்தான் இந்த வேலை என்றால், அந்த ரோட்டில்தான் இது முதலில் கழன்று வரும்.

உயரமான வண்டி நிஜமாகவே தேவைப்படுகிற இடம் ஒன்று இதே பென்னாகரம் தொகுதியில் உண்டு. கோட்டூர் மலை. 2021 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில்தான் போனது. அப்போது வண்டி போக ரோடு இல்லை. பேப்பரில் எல்லாம் படம் வந்தது. 31 இஞ்ச் டயர்காரர்கள் யாரும் "நாங்க கொண்டு போறோம்" என்று கிளம்பினதாகச் செய்தி இல்லை. அவர்களின் 'ஆஃப் ரோடு' பெரும்பாலும் கல்யாண மண்டபத்துப் பார்க்கிங்கோடு முடிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில், ஆரம்பத்தில் ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கி மாற்றம் செய்ய வழி இருந்தது. 2000-ல் அதைத் திருத்தி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி முதலில் சொன்ன அளவுகளுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று இறுக்கினார்கள். 2019 ஜனவரியில் கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அப்படியே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு: அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஸ்பேசர் ஒன்று, டயர் ஒன்று, எல்.இ.டி. ஒன்று என்று எண்ணிக் கொள்ளுங்கள்.

ஆனால் எண்ணுவது யார்? 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் முன்பக்க இரும்புக் கம்பி, அதான் 'புல் பார்', சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியபோது கொஞ்ச நாள் பரபரப்பாகப் பிடித்தார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். வாடகை வண்டிக்காரர் எஃப்.சி.க்குப் போகிற அன்றைக்கு யாரிடமாவது பழைய டயரை இரவல் வாங்கி மாட்டுவார், மறுநாள் கழற்றிவிடுவார். சொந்த உபயோக வண்டிக்கு அந்தத் தலைவலியும் பல வருடத்துக்குக் கிடையாது. விற்கிறவர் கடையில் கிட் வெளிப்படையாகத் தொங்குகிறது. மாட்டினவருக்கு அபராதம், விற்றவருக்கு லாபம். சட்டத்தின் மேல் கோபம் வருவது நியாயம்தான். 'ஓவர்லோடு ஏற்றுகிறவனை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கிறார்கள்' என்ற புலம்பலிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஓவர்லோடும் பெரிய டயரும் தின்பது ஒரே பிரேக்கைத்தான். நிறைய வண்டியில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இன்சூரன்ஸ்காரர் மட்டும் இதை மறக்க மாட்டார். வண்டி அடிபட்டு கிளெய்ம் போடும்போது சர்வேயர் முதலில் ஆர்.சி.யையும் டயரையும் பார்ப்பார். கம்பெனி அளவில் இல்லாத டயர், தூக்கிய சஸ்பென்ஷன் இரண்டையும் காட்டி சொந்த சேதத்தை மறுக்க அவருக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

மலையில் நிஜமாகவே ஓட்டுகிறவருக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. எதுவும் ரீல்ஸில் அழகாக இருக்காது. செத்துப் போன ஷாக்கை மாற்றுவது. சோர்ந்து போன கமான் பட்டைக்குப் புதுப் பட்டை போடுவது. அதே அளவில் கரடுமுரடு ரோட்டுக்கான பட்டன் வைத்த டயர் வாங்குவது. உயரம் வேண்டுமென்றால், அந்த மாடலின் மேல் வேரியண்டுக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவோடு நிற்பது. பிரேக் லைனிங்கைத் தேயும் முன்னால் பார்ப்பது. ஒரு லெவலிங் கிட்டும் நாலு பெரிய டயரும் வாங்குகிற காசில் இதெல்லாம் முடிந்து, ஒகேனக்கல்லில் மீன் குழம்பு சாப்பிடவும் மிச்சம் இருக்கும்.

ஏற்கனவே தூக்கி முடித்துவிட்டவர்களுக்கு ஒரு சின்ன சோதனை. ராத்திரி வண்டியை ஒரு சுவருக்கு நேராக, பத்து மீட்டர் தள்ளி, மட்டமான தரையில் நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பில் கரியால் ஒரு கோடு. பிறகு ஐம்பது கிலோ மூட்டை பத்தை பின்னால் ஏற்றி இன்னொரு கோடு. விளக்கு இருக்கிற உயரத்துக்கு மேலே ரெண்டாவது கோடு போய்விட்டதென்றால், மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய் ஸ்பேசரைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய டயரை விற்றிருக்க மாட்டீர்கள், எஃப்.சி.க்கு வேண்டுமே.