பாலம் இருக்கு... தூண் எங்கே?

பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்தில் என் சித்தப்பா சின்ன வெங்காயம் போடுகிறவர். போன மாதம் பார்க்கப் போனபோது, சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே மூன்று பல். ஒன்றோடொன்று ஒட்டிய, பளபளவென்று மின்னுகிற மூன்று பல். கூடவே பிளாஸ்டிக் உறையில் ஒரு அட்டை. ‘பத்து வருட வாரண்டி.’

“ஏழு வருஷம்தான் ஆச்சு. இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்குல்ல? நீ பத்திரிகையில எழுதற ஆளு. கேட்டு வாங்கிக் குடுப்பா” என்றார்.

வேறொரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அந்த மூன்று பல்லையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஐயா, இதுல ஒரு கீறல்கூட இல்ல. புதுசு மாதிரி இருக்கு” என்றார். அப்புறம் சித்தப்பாவின் வாய்க்குள் பார்த்தார். பிரிட்ஜைத் தாங்கி நின்ற இரண்டு பல்லும் ஈறு மட்டம்வரை அழுகி, கறுத்த குச்சி மாதிரி இருந்தன. இரண்டையும் எடுத்தாக வேண்டும் என்றார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் சித்தப்பாவுக்கு இல்லாமல் போனது ஒரு பல். இன்றைக்கு மூன்று. வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது: பல் உடைந்தால் மட்டும்தான் மாற்றித் தருவார்களாம். சொத்தையும் ஈறு நோயும் கணக்கில் சேராதாம். அதாவது, கெடவே கெடாத பொருளுக்கு கேரண்டி. கெட்டுப்போகிற பல்லுக்கு நாமம்!

“பிரிட்ஜ் மாட்டின அன்னிக்கு என்னதான் சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“கெட்டியா எதையும் கடிக்காதீங்கன்னாங்க. பணத்தை வாங்கிக்கிட்டு அட்டையைக் குடுத்தாங்க. அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ மேல்தான் எனக்குக் கோபம்.

ஒரு க்ளினிக்கைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பெரிய ஊர், சின்ன ஊர் என்று வித்தியாசமில்லாமல் நடக்கிற கதை இது. உங்கள் வாயில் ஒரு கேப்போ பிரிட்ஜோ இருந்தால், உங்களுக்கும் இதேதான் நடந்திருக்கும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எத்தனை நாளில் வேலை முடியும், என்ன கலர், மெட்டலா செராமிக்கா ஜிர்கோனியாவா, எவ்வளவு ஆகும் என்றெல்லாம் பேசியிருப்பீர்கள். மாட்டின பிறகு அதை எப்படிச் சுத்தம் செய்வது என்று யாராவது கண்ணாடியைக் கையில் கொடுத்துச் சொல்லித் தந்தார்களா?

விஷயம் ரொம்ப எளிமையானது. கேப்புக்குச் சொத்தை வராது. ஆனால் அதன் விளிம்பு முடிகிற இடத்தில், ஈறை ஒட்டி, உங்கள் சொந்தப் பல் ஆரம்பிக்கிறது. கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே இருப்பது மெல்லிய சிமென்ட் பூச்சு. அரியலூர்க்காரர்களுக்கு சிமென்ட் பற்றி நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சிமென்ட் ஒட்டும், அஸ்திவாரம் அரித்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த விளிம்பில் படிகிற மாவும் சர்க்கரையும் கிருமிகளுக்குச் சாப்பாடு. கிருமிகள் கக்குகிற அமிலம் பல்லைக் கரைக்கும். எனாமலாவது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிந்துவிட்டால், அது இன்னும் சீக்கிரம் கரையும்.

இதில் இன்னொரு சதியும் உண்டு. கேப் போட்ட பல் பெரும்பாலும் ரூட் கனால் செய்த பல். நரம்பை எடுத்தாகிவிட்டது. உள்ளே எவ்வளவு அழுகினாலும் வலிக்காது. ‘வலி இல்லை, அதனால் பல் நன்றாக இருக்கிறது’ என்கிற நம் பரம்பரைக் கணக்கு இங்கே செல்லாது.

பிரிட்ஜ் கதை இன்னும் மோசம். போன பல்லுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பற்களைச் செதுக்கி, மூன்றையும் ஒரே துண்டாக மாட்டுகிறார்கள். ஒரு முழு கேப்புக்காகச் செதுக்கும்போது, வெளியே தெரிகிற பல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரை போய்விடும். செதுக்கியது திரும்ப வளராது. நடுவில் தொங்குகிற பொய்ப்பல்லுக்கு அடியில் பிரஷ் போகாது. மூன்றும் ஒட்டியிருப்பதால் ஃப்ளாஸ் நூலை மேலிருந்து இறக்கவும் முடியாது. பக்கவாட்டில் ஊசியில் கோர்ப்பது மாதிரி நுழைத்து இழுக்க வேண்டும். அதற்கென்றே முனை விறைப்பான நூல் விற்கிறது. குட்டி பாட்டில் பிரஷ் மாதிரி இருக்கிற இடைப்பல் பிரஷ்ஷும் கிடைக்கிறது. தினமும் ராத்திரி இரண்டு நிமிஷ வேலை. இதைச் சொல்லிக் கொடுக்க டாக்டருக்குப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷம்தான் சித்தப்பாவின் இரண்டு பல்.

2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் இடிந்தது நினைவிருக்கும். 1928-ல் கட்டிய பாலம். பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் திருச்சி போகும்போதெல்லாம் பார்த்திருப்பார்கள். வெள்ளம் மேலே இருந்த இரும்பைத் தொடவில்லை. அடியில் அரித்தது, தூண்கள் சாய்ந்தன. வாய்க்குள் இருக்கிற பாலத்துக்கும் அதே விதிதான்.

டாக்டர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. “சொன்னாலும் யார் சார் செய்யறாங்க? ஆறு மாசத்துல வாங்கன்னா, பல் விழுந்த அப்புறம்தான் வர்றாங்க” என்கிறார்கள். உண்மைதான். பல்தானே என்கிற அலட்சியம் நம்மிடம் நிறைய. சித்தப்பாவே லேசுப்பட்டவர் இல்லை. நடுவில் ஒருமுறை பிரிட்ஜ் ஆடியபோது, செருப்பு ஒட்டுகிற பசையை வைத்து அவரே ஒட்டிக்கொண்டிருக்கிறார்! அன்றைக்கே டாக்டரிடம் போயிருந்தால் ஒரு பல்லாவது மிஞ்சியிருக்கும்.

ஆனால் டாக்டர்களே, ஒன்று கேட்கிறேன். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறீர்கள், பிறந்தநாளுக்கு கேக் படம் அனுப்புகிறீர்கள். ‘ஐயா, உங்கள் பிரிட்ஜைப் பார்க்க வேண்டிய நாள் இது’ என்று அதே போனில் ஒரு செய்தி அனுப்ப முடியாதா? டிராக்டர் வாங்கினால் முதல் சர்வீஸ் எப்போது, இரண்டாவது எப்போது என்று புத்தகம் போட்டுக் கொடுக்கிறான். டிராக்டருக்கு இருக்கிற மரியாதை கடைவாய்ப் பல்லுக்குக் கிடையாதா?

ஒழுங்காகப் போட்டு ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பிரிட்ஜ் நீண்டநாள் உழைக்கும். வெளிநாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பத்து வருட முடிவில் பத்தில் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவான பிரிட்ஜ்கள் வாயிலேயே இருந்திருக்கின்றன. அதனால் பொருளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. மாட்டிவிட்டு மறந்துபோகிற பழக்கம்தான் குற்றவாளி.

அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. தேசிய வாய் நலத் திட்டம் தொடங்கியது 2014-ல். 2022-ல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால், பஸ் பிடித்து சிதம்பரமோ புதுக்கோட்டையோ போக வேண்டும். கல்லூரி கட்டச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வந்தன. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். இது மருத்துவ உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டது. மாத்திரை கொண்டுவருகிற பெண்மணிக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, “வாயைத் திறங்க பெரியப்பா, ஈறுல ரத்தம் வருதா, கட்டின பல் ஆடுதா?” என்று கேட்கச் சொன்னால் கஜானா காலியாகிவிடுமா?

நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கேப், பிரிட்ஜ் என்று பேச்செடுத்தால், முதலில் கேளுங்கள்: ‘பக்கத்துப் பல்லைச் செதுக்காமல் வேறு வழி உண்டா?’ கழற்றி மாட்டுகிற பல், இம்ப்ளான்ட் என்று வழிகள் உண்டு. எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது, ஆனால் கேட்பது உங்கள் உரிமை. பிரிட்ஜ்தான் என்று முடிவானால், மாட்டுகிற அன்றைக்கே, அடியில் சுத்தம் செய்வதை டாக்டர் முன்னால் நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். அதற்கு அப்புறம் பணம் கொடுங்கள். பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று டியூபைப் பாருங்கள். உமிக்கரி, செங்கல் பொடி, ஊக்கு மூன்றையும் வாயிலிருந்து தள்ளி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். டாக்டர் எக்ஸ்-ரே வேண்டும் என்றால், ‘வலிக்கவே இல்லையே’ என்று வாதாடாதீர்கள். கேப் கழன்றுவிட்டால் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஓரிரு நாளில் போய்விடுங்கள். பசை வேண்டாம், ப்ளீஸ்!

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்று ஒரு ஊர். அங்கே செம்மண் பள்ளங்களில் சுறா மீன் பற்கள் கிடைக்கின்றன. அந்த நிலம் கடலாக இருந்த காலத்தவை. சுமார் பத்து கோடி வருடம். மண்ணுக்குள் பத்து கோடி வருடம் தாங்குகிற பொருளை, நாம் வாய்க்குள் ஏழு வருடத்தில் தொலைக்கிறோம்.

சித்தப்பா அந்த வாரண்டி அட்டையை இன்னும் தூக்கிப் போடவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார். “மூணு வருஷம் பாக்கி இருக்குப்பா” என்கிறார். பொக்கை வாயோடு சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.